சேரன்மகாதேவியில் நாங்கள் பார்த்த பி.எச்.பாண்டியன்

நேரில் பார்த்த எம்.எல்.ஏ.க்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பி.எச்.பாண்டியன்தான். எங்கள் தொகுதிக்காரர். 1977, 1980, 1984, 1989 என்று நான்கு முறை சேரன்மகாதேவியில் ஜெயித்தவர். தமிழ்நாட்டுக்கு அவர், சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்று பேசிய சபாநாயகர். எங்கள் ஊரில் வெறும் பி.எச்.

1985-இல் அவர் சபாநாயகர் ஆனபோது ஊரில் பெரிய பெருமை. என் தாய்மாமா டீக்கடையில் உட்கார்ந்து, “நம்மூரு வக்கீலுலே, எம்.ஜி.ஆர். சும்மாவா அந்த நாற்காலியில உக்கார வச்சிருக்காரு?” என்று எல்லோரிடமும் சொல்வார். அடுத்த வருடமே இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காக அன்பழகன் உட்பட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். மாமாவுக்கு அதிலும் பெருமைதான். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களை ஒரு சபை இப்படி வெளியே தள்ளலாமா என்று நான் கேட்டேன். வீட்டில் அதோடு பேச்சு நின்றது.

அப்புறம் 1987, ஆனந்த விகடன் விவகாரம். அப்போது நான் கல்லூரி மாணவன். எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து அட்டையில் ஒரு ஜோக் வந்தது. முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆசிரியர் பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4-ஆம் தேதி அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சட்டமன்றம் தண்டனை கொடுத்தது. நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை, ஒரு தீர்மானம், நேரே சிறை. நாடெங்கும் பத்திரிகைக்காரர்கள் கொதித்ததும் இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். எங்கள் விடுதியில் அந்த விகடன் கை மாறி மாறிக் கிழிந்தே போனது. கட்சி பார்க்காமல் எல்லா மாணவர்களும் ஒரே கோபத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். சென்னை உயர்நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 1994-இல். அந்தத் தீர்ப்புச் செய்தியை வெட்டி மாமாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

நான் பி.எச்.-ஐக் கிட்டத்தில் பார்த்தது 1989 தேர்தலில். எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி இரண்டாகி, ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். திறந்த ஜீப்பில் எங்கள் தெரு வழியாக வந்தார். கூட்டத்தில் என் மாமாவைப் பார்த்துக் கும்பிட்டார், அவ்வளவுதான். மாமா அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். ஜானகி அம்மாள் ஆண்டிபட்டியிலேயே தோற்றார். மாநிலமெங்கும் அந்த அணி சுருண்டு விழுந்த தேர்தலில் இவர் இரட்டைப் புறாவில் ஜெயித்து வந்தார். சென்னையிலிருந்து எழுதியவர்கள் இந்தப் பிடிமானத்தைக் கடைசிவரை கணக்கில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம். சபையில் செய்ததற்காகத் திட்டிய வீடுகளும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டன. எனக்கு அது இன்றும் வருத்தம்.

பிறகு 1999-இல் திருநெல்வேலி எம்.பி., அதுவும் ஜெயலலிதா தலைமையில். 2017 பிப்ரவரியில் மகன் மனோஜ் பாண்டியனோடு பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து ஜெயலலிதாவின் மரணத்தில் சந்தேகம் கிளப்பினார். டிவியில் பார்த்தேன், வக்கீல் குரல் அப்படியே இருந்தது. 2020 ஜனவரியில் இறந்தார்.

கட்சித்தாவல் வழக்குகளில் சபாநாயகர் எடுக்கும் முடிவையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்சநீதிமன்றம் 1992-இல் சொல்லிவிட்டது. அது இவர் வழக்கு இல்லை. ஆனாலும் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் தொகுதிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. பி.எச். சபாநாயகராக இருந்தபோதுதான், 1988 ஜனவரி 28-ஆம் தேதி, ஜானகி ஆட்சியின் நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று, சபைக்குள்ளேயே போலீஸ் நுழைந்து தடியடி நடந்தது. இரண்டு நாளில் ஆட்சியே கலைந்தது. அன்று கோட்டையில் இருந்தவர்கள், பத்திரிகையாளரோ காவலரோ சட்டமன்ற ஊழியரோ, யாராவது இருந்தால் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். கட்சிக்காரர்கள் சொன்ன கதையை மட்டும்தான் இதுவரை கேட்டிருக்கிறோம்.