காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டுவதா, மரம் நடுவதா?

ஓடைக்கல்:
வணக்கம். பெரிய மலைக்காடு ஒன்றை ஒட்டியுள்ள சிறு காட்டை எங்கள் குழு பராமரிக்கிறது. நடுவே ஓர் ஓடை. முன்பு கோடை முழுக்க நீர் இருக்கும், இப்போது பாதியிலேயே வற்றிவிடுகிறது. மான்கள் நாக்கு வறண்டு அலைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சிமெண்ட் தொட்டி கட்டி நீர் நிரப்பலாம் என்கிறார்கள் சிலர். இதைவிட வெப்பமான இடங்களிலிருந்து மரக்கன்றுகள் கொண்டுவந்து நடலாம் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் ஆள்பலத்துக்கு ஏதாவது ஒன்றுதான் முடியும். எதைச் செய்வது?

விதைக்கூடை:
காடு மீட்பு வேலையில், பெரும்பாலும் நாற்றங்காலில் இருப்பவள் நான். என்னைக் கேட்டால், ஓடைக்கரையிலிருந்து தொடங்குங்கள்.

தொட்டியில் எனக்குத் தயக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் வறட்சியைச் சமாளிக்க ஏராளமான செயற்கை நீர்நிலைகளை அமைத்தார்கள். வடக்கே வறண்ட சமவெளியில் ரோன் என்ற அரிய இரலை மான் வாழ்ந்துவந்தது. தண்ணீர் கிடைத்ததும் வரிக்குதிரைகள் அங்கே கூட்டமாக வந்து சேர்ந்தன, அவற்றைத் தொடர்ந்து சிங்கங்களும் வந்தன. 1986இல் ஏறத்தாழ 450ஆக இருந்த ரோன் 1993இல் 45 அளவுக்குச் சரிந்துவிட்டது. பிறகு பல நீர்நிலைகளை மூடினார்கள். வறட்சியைத் தாங்கும் திறன்தான் அந்த இரலைக்குப் பாதுகாப்பாக இருந்தது. நல்ல மனதோடு ஊற்றிய தண்ணீர் அதைப் பறித்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

ஓடை அப்படியல்ல. கரையில் மரம் அடர்ந்தால் நிழலில் நீர் குளிர்ந்திருக்கும், ஆவியாவதும் குறையும். விழுந்த மரங்களை ஓடையிலிருந்து அகற்றாதீர்கள். அவை வேகத்தைத் தடுத்து, நீர் மண்ணுக்குள் இறங்க நேரம் கொடுக்கும். இன்னொன்றும் இருக்கிறது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். சூடு தாங்காத உயிர்கள் காலப்போக்கில் மேல்நோக்கித்தான் நகரும். கீழிருந்து மேல்வரை நிழல் அறுபடாத ஓடைக்கரை அவற்றுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வழி. அதனால் எங்கே நிழல் விட்டுப்போயிருக்கிறது என்று முதலில் நடந்து பாருங்கள். அந்த இடைவெளிகளில் மட்டும் நட்டாலே பெரிய வேலை.

கன்று விஷயத்துக்கு வருகிறேன். புதிய இனங்கள் வேண்டாம். உங்கள் காட்டில் ஏற்கெனவே உள்ள மரங்களே வேறெங்கோ வறண்ட, வெப்பமான பகுதியிலும் வளர்ந்துகொண்டிருக்கும். அங்கிருந்து கொஞ்சம் விதை எடுத்து, உள்ளூர் விதையோடு கலந்து விதையுங்கள். ஒரே தாய்மரத்தில் மொத்தத்தையும் பொறுக்காமல் பல மரங்களிலிருந்து சேகரியுங்கள். எந்தக் கன்று தாக்குப்பிடிக்கும் என்பதை வரப்போகும் வெயில் தீர்மானிக்கட்டும். ஆனால் தொலைவிலிருந்து நாற்றுத்தொட்டி மண்ணோடு கன்றுகளைக் கொண்டுவராதீர்கள். அமெரிக்காவில் ஓக் மரங்களைக் கொல்லும் ஒரு நோய் நாற்றங்கால் செடிகள் வழியாகவே தொலைதூரம் பரவியது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேற்கத்திய லார்ச் மரத்தை அதன் இயல்பான எல்லைக்கு வெளியேயும் நட அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அதன் பின்னால் நீண்டகால நடவுச் சோதனைகள் இருக்கின்றன. சிறு குழு அதை அப்படியே பின்பற்றக் கூடாது.

பழந்தின்னி:
விதைக்கூடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பட்டுப்போன பெரிய மரங்களை வெட்டாதீர்கள். பறவைகளும் சிறு விலங்குகளும் தங்கும் மரப்பொந்துக்குள் வெப்பம் அதிகம் ஏறாது, ஆனால் அதற்குப் பதிலாக நாம் மாட்டும் மெல்லிய பலகைப் பெட்டிகள் வெயிலில் கொதித்துவிடும். அதனால் கூட்டுப்பெட்டி மாட்டினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. கடும் வெப்ப அலை என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2018 நவம்பரில் கெயின்ஸ் பகுதியில் ஒருவகைப் பழந்தின்னி வௌவால்கள் சுமார் 23,000 சில நாள்களில் செத்து விழுந்தன.

ஓடைக்கல்:
இருவருக்கும் நன்றி. ஓடையின் மேல்பக்கத்தில் ஒரு முள்கம்பி வேலி குறுக்கே போகிறது. நிலத்துக்காரர் நல்லவர்தான், ஆனால் எடுக்கச் சம்மதிக்க மாட்டார்.

விதைக்கூடை:
எடுக்கச் சொல்ல வேண்டாம். கீழ்க்கம்பியை மட்டும் முள்ளில்லாததாக மாற்றி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு உயர்த்தச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். வட அமெரிக்காவின் புல்வெளிகளில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்குக்காக இப்படித்தான் செய்கிறார்கள், அது வேலியைத் தாண்டுவதைவிடக் குனிந்து நுழையவே விரும்பும். உங்கள் மான் தாண்டுமா, நுழையுமா என்பது வேலியடியில் உள்ள காலடித்தடத்தையும் கம்பியில் சிக்கிய மயிரையும் பார்த்தாலே தெரியும். தாண்டுகிற இனம் என்றால் மேல்கம்பியைத் தாழ்த்தச் சொல்லிக் கேளுங்கள். செலவையும் வேலையையும் உங்கள் குழுவே ஏற்றுக்கொண்டால் அவர் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். மழைக்கு முன் கேட்டுவிடுங்கள், நடவு தொடங்கிவிட்டால் இதற்கு ஆள் கிடைக்காது.