24 லிட்டர் கம்ப்ரஸரில் ஹெச்விஎல்பி பெயின்ட் கன் திணறுகிறது: கன்னை மாற்றுவதா, கம்ப்ரஸரை மாற்றுவதா?

கேள்வி:
வீட்டில் நான்கு தேக்குக் கதவு, எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரிக்கு ஆறு ஷட்டர், ஐந்து ஜன்னல் கிரில் இருக்கின்றன. கதவுக்கு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலரும் மேட் லேக்கரும், ஷட்டருக்கு வெள்ளை பியு (பாலியூரித்தேன்), கிரிலுக்குச் சாதா எனாமல் என்று திட்டம். கையில் இருப்பது 1 ஹெச்பி, 24 லிட்டர் ஆயில்-ஃப்ரீ கம்ப்ரஸரும் 1.4 மிமீ நாசில் போட்ட ஹெச்விஎல்பி கன்னும் (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் ஸ்ப்ரே கன்). டிரிகரை அழுத்தினால் முதல் அரை நிமிடம் நன்றாக விழுகிறது. பிறகு பொட்டுப் பொட்டாகத் தெறித்து, காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிறது. தின்னர் கூட்டினால் ஒழுகுகிறது. மழை நாளில் அடித்த சீலர் வெள்ளை பூத்துவிட்டது. 50 லிட்டர் டேங்க் வாங்கினால் தீருமா? இல்லை, கம்ப்ரஸரே தேவைப்படாத கரண்ட் ஸ்ப்ரேயர் போதுமா?

பதில் 1:
டேங்க் எத்தனை லிட்டர் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்க. கன் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று கேட்கிறது, பம்ப் எவ்வளவு கொடுக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. ஹெச்விஎல்பி கன் பெரும்பாலும் 8 முதல் 14 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வரை குடிக்கும். கம்ப்ரஸர் பெட்டியில் அச்சிட்ட எண், பிஸ்டன் நகரும் கொள்ளளவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அழுத்தம் ஏறினால் வெளியே வரும் காற்று அதைவிட நன்றாகக் குறையும்.

உண்மையான அளவை நீங்களே பாருங்க. டேங்க் காற்றை இறக்கி, கீழ் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்து மூடுங்க. அவுட்லெட்டையும் மூடி ஓட விடுங்க. மீட்டர் முள் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எத்தனை விநாடி என்று குறிங்க. 2 பார் ஏறினால் 24 × 2 = 48 லிட்டர் காற்று உள்ளே போயிருக்கிறது. 48-ஐ விநாடியால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். அதை 28.3-ஆல் வகுத்தால் சிஎஃப்எம்.

கேட்டவர்:
42 விநாடி ஆனது. கன் தாளில் நிமிடத்துக்கு 280 லிட்டர் என்று போட்டிருக்கிறது.

பதில் 1:
அப்போ பம்ப் தருவது சுமார் 69 லிட்டர், அதாவது 2.4 சிஎஃப்எம். கன் கேட்பது கிட்டத்தட்ட 10. கால் பங்குக் காற்றில் பெயின்ட் பொடியாக உடையாது, பெரிய துளியாக விழும். ஆரஞ்சுத் தோலுக்குக் காரணம் அதுதான். தின்னரைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. நீர்த்த பெயின்ட் நிற்காமல் இறங்கும், அவ்வளவுதான்.

50 லிட்டர் டேங்கும் இதே அளவு பம்போடு வந்தால் பயன் இல்லை. தெறிக்க ஆரம்பிக்கும் நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குத் தள்ளிப்போகும். திரும்ப நிரம்பவும் இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆயில்-ஃப்ரீ மோட்டார் ஓடின நேரத்துக்குச் சமமாக ஓய்வு கேட்கும் சாதி, இப்படி விடாமல் ஓட்டினால் தாங்காது.

உங்கள் வேலை அளவுக்கு கன்னை மாற்றுங்க. எல்விஎல்பி கன் (குறைந்த காற்று, குறைந்த அழுத்தத்தில் ஓடுவது) 3.5 முதல் 4 சிஎஃப்எம் கேட்கும், 1.5 முதல் 2 பாரில் வேலை செய்யும். பம்ப் தரும் 2.4 போக டேங்கிலிருந்து இழுப்பது ஒன்றரை சொச்சம். 8 பாரிலிருந்து 4 பார் வரை டேங்கில் 96 லிட்டர் கிடைக்கும், இரண்டு நிமிடத்துக்கு வரும். கதவின் ஒரு பக்கத்தை முடித்து, திருப்புவதற்குள் நிரம்பிவிடும். 1.3 அல்லது 1.4 நாசில் எடுங்க. எம்டிஎஃப்புக்கு பிரைமரும் அடிப்பதானால் 1.8 செட் தனியாக வேண்டும். ஊசி, நாசில், ஏர் கேப் (நாசிலைச் சுற்றிக் காற்று வரும் மூடி) மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பதில் 2:
கன் சரி. நீங்க பிரஷர் பார்ப்பது எங்கே? கம்ப்ரஸர் மீட்டரில் 2 பார் வைத்தால் கன்னுக்கு 2 பார் போகாது. உள்விட்டம் 6 மிமீ ஹோஸும் சின்ன கப்ளரும் பாதியைத் தின்றுவிடும். 8 மிமீ ஹோஸ் போடுங்க, கன் அடியில் ஒரு சின்ன மீட்டர் மாட்டுங்க, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே செட் செய்யுங்க. விட்ட நிலையில் வைத்த அளவு பொய்.

மாய்ஸ்சர் டிராப்பை (காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி) கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய் ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகும். 15, 20 அடி ஹோஸ் தாண்டி டிராப், அதற்குப் பிறகு கன் என்று வைங்க. பியு அடிக்கும்போது இது ரொம்ப முக்கியம். பியுவோடு கலக்கும் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு வந்து ஊசிமுனைக் குமிழாகப் பொரியும். லைனுக்கு பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம், வெடித்தால் துண்டு துண்டாகப் பறக்கும். கூடுதல் டேங்க் என்று பழைய கேஸ் சிலிண்டரை வெல்டிங் வைத்துத் தருவார்கள். தயவுசெய்து அதை வீட்டுக்குள் சேர்க்காதீங்க.

சீலர் வெளுத்ததற்கு கன் காரணம் இல்லை. என்சி தின்னர் வேகமாகப் பறக்கும்போது மேல்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வெயில் வந்த நாளில், தின்னரில் 10 சதவீதம் ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து அதன் மேல் மெல்லிசாக ஒரு பனி மாதிரி ஓட்டுங்க. படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை.

கேட்டவர்:
கரண்ட் ஸ்ப்ரேயர் பற்றி? கிரிலுக்காவது உதவுமா?

பதில் 3:
கையில் பிடிக்கும் ஸ்ப்ரேயரில் என்சி, பியு இரண்டையும் ஊற்றாதீங்க. உள்ளே கார்பன் பிரஷ் மோட்டார் பொறி விடும். என்சி தின்னரில் வழக்கமாக இருக்கும் டொலுவின் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும். இந்த ஸ்ப்ரேயர்கள் பலவற்றின் கையேட்டில் 21 டிகிரிக்குக் கீழே தீப்பற்று நிலை உள்ளதை அடிக்காதே என்றே இருக்கும். டர்பன்டைன் கலந்த எனாமல், தண்ணீர் பெயின்ட் இவற்றுக்கு அது சரி. கம்ப்ரஸரின் பிரஷர் ஸ்விட்சும் பொறி விடும், அதனால் அதை அடுத்த அறையில் வைத்து நீள ஹோஸ் இழுங்க. எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டுவதைவிட ஹோஸை நீட்டுவது நல்லது. மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் கிளம்பாமல் முனகி ஓவர்லோடு டிரிப் ஆகும். 15 ஆம்ப் பாயின்ட்டும் 2.5 சதுர மிமீ வயரும் வேண்டும்.

கிரிலுக்கு என் யோசனை: கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று, அடிக்கும் பெயின்ட்டில் பெரும்பகுதி சுவருக்கும் தரைக்கும் போகும். ஒன்றரை அங்குல பிரஷ்ஷே போதும்.

பதில் 2:
கிரிலைக் கழற்ற முடிந்தால் படுக்க வைத்து, ஃபேனை (ஸ்ப்ரே விரியும் அகலம்) குறுக்கி வட்டமாக வைத்து அடிக்கலாம், மூலைகளில் பிரஷ்ஷைவிடச் சுத்தமாக வரும். சுவரில் பதித்த கிரில் என்றால் பிரஷ்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

கேட்டவர்:
பதித்த கிரில்தான், பிரஷ்ஷே எடுக்கிறேன். எல்விஎல்பி கன்னுக்கு சீலர் எவ்வளவு நீர்க்க வேண்டும்?

பதில் 1:
கண்ணளவு வேண்டாம், பி4 கப் (பெயின்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அளக்க, அடியில் ஓட்டை உள்ள கப்) வாங்குங்க. நிரப்பி, அடி ஓட்டையிலிருந்து விரலை எடுத்ததும், நூலாக ஒழுகுவது அறுந்து சொட்டும் வரை விநாடி எண்ணுங்க. சீலருக்கும் லேக்கருக்கும் 18 முதல் 22 விநாடி. முதலில் பழைய பலகையில் அடிங்க. 6 முதல் 8 அங்குல தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் கையையே நகர்த்துங்க. சொரசொரவென்று உலர்ந்து விழுந்தால் தள்ளி நிற்கிறீர்கள் அல்லது காற்று அதிகம். துளி பெரிதாக இருந்தால் அரை பார் ஏற்றிப் பாருங்க, தின்னர் பிறகு.

பதில் 3:
ஷட்டருக்கு பியு என்பதால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பதம்பார்த்து நிரந்தர ஆஸ்துமா வரை கொண்டுபோகும். கேட்ரிட்ஜ் தீர்ந்ததை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, துணி மாஸ்க்குக்கு அர்த்தமே இல்லை. வெளிக்காற்றை முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க் இல்லையென்றால், அந்த ஆறு ஷட்டரை மட்டும் ஸ்ப்ரே பூத் (புகையை வெளியேற்றும் தனி அறை) வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்க. கதவை நீங்களே அடிக்கலாம். அதற்கும் ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் போட்ட அரை முக மாஸ்க் வேண்டும், ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது.

கேட்டவர்:
ஷட்டரைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறேன். கதவுக்கு எல்விஎல்பி 1.4, 8 மிமீ ஹோஸ், டிராப் கன் பக்கம். கன்னைக் கழுவ தின்னரில் முழுதாக ஊறப்போடலாமா?

பதில் 2:
கூடாது. பேக்கிங் வாஷர் காய்ந்து சுருங்கி, ஊசி வழியாகக் கசியும். கப்பில் கொஞ்சம் தின்னர் ஊற்றி, தெளிவாக வரும் வரை அடிங்க. ஏர் கேப்பை மட்டும் கழற்றி ஊறப்போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்ங்க. ஓட்டையில் கம்பி, ஊசி விடாதீங்க, துளை கோணினால் ஃபேன் ஒரு பக்கமாகவே விழும்.