‘மருந்துச் சகிப்புத்தன்மை’ வேண்டாம்: ‘ஈடுகொடுப்பு’ என்ற சொல்லை முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே அளவு மருந்து நாளடைவில் குறைந்த பயனே தருவதையும், பழைய பயனைப் பெற அளவைக் கூட்ட வேண்டியிருப்பதையும் ஆங்கிலத்தில் tolerance என்பார்கள்; தமிழில் ‘சகிப்புத்தன்மை’ என்றே எழுதிவருகிறோம். அதற்கு மாற்றாகத் ‘தாங்குதிறன்’, ‘பழகுமை’ என்ற சொற்களும் முன்மொழியப்பட்டுள்ளன. வலிநிவாரணிகள் பற்றி நான் மொழிபெயர்த்த கையேட்டில், ‘மார்பினுக்குச் சகிப்புத்தன்மை உண்டாகும்’ என்ற வரியைப் படித்த ஒருவர், “அப்படியென்றால் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று பொருளா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அச்சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை.

சகிப்பு என்பது வருவதைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருத்தல். மூளை அப்படி இருப்பதில்லை. மார்பின் திரும்பத் திரும்ப வந்து நரம்புச் செல்லின் மியூ ஏற்பிகளில் (அம்மருந்து பற்றிச் செயல்படும் புரதங்களில்) ஒட்டும்போது, நொதிகள் அந்த ஏற்பிகளில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அரெஸ்டின் என்னும் புரதம் அவற்றைப் பற்றிக்கொள்ள, ஏற்பிகள் செயல் மங்குகின்றன, சில செல்லுக்குள்ளேயே இழுக்கப்பட்டுவிடுகின்றன. மருந்து ஒரு பக்கம் இழுக்க, உடல் மறுபக்கம் இழுத்துச் சமன்செய்கிறது. இதற்குத்தான் ‘ஈடுகொடுத்தல்’ என்ற சொல் நம் புழக்கத்திலேயே இருக்கிறது. (இதைச் சுருக்கி ‘மருந்தீடு’ என்றாக்கலாகாது, அது இடுமருந்து வைப்பதைக் குறிக்கும் பழஞ்சொல்.)

‘தாங்குதிறன்’ வறட்சியைத் தாங்கும் பயிருக்குப் பொருந்தும். குடிப்பவரோ அதைத் தம் வலிமை என்றே எடுத்துக்கொள்வார்; நாள்தோறும் குடித்தும் தள்ளாடாமல் நடப்பதால் அவருடைய கல்லீரல் தப்பிவிடுவதில்லை. ‘பழகுமை’ பேச்சுக்கு மிக நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ‘குடிப்பழக்கம்’ என்றதுமே அடிமைப்படுதல் நினைவுக்கு வரும் மொழியில், மருத்துவர் சொன்னபடி வலிக்கு மார்பின் எடுக்கும் புற்றுநோயாளியின் மீது அந்த நிழல் விழ நாம் இடம்தரக் கூடாது.

ஈடுகொடுப்பு என்பது செயல் என்பதற்கு வலுவான சான்று, 1982இல் உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட எலி ஆய்வு. ஹெராயினைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துவந்த எலிகளுக்கு இறுதியில் பேரளவு கொடுத்தபோது, வழக்கமாக மருந்து பெற்ற இடத்திலேயே அதைப் பெற்றவற்றில் ஏறத்தாழ 32 விழுக்காடும், வேறிடத்தில் பெற்றவற்றில் 64 விழுக்காடும், முன்பு ஹெராயினே அறியாதவற்றில் 96 விழுக்காடும் இறந்தன. மருந்துக்கு முன்னோடியாக வரும் சூழலை உணர்ந்ததுமே உடல் ஈடுகொடுக்க ஆயத்தமாகிவிடுகிறது என்றும், புதிய இடத்தில் அந்த ஆயத்தம் எழுவதில்லை என்றும் அவர்கள் விளக்கினர். ‘சகிப்பு’, ‘திறன்’ போன்ற சொற்களை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

எல்லா விளைவுகளுக்கும் உடல் ஒரே சீராக ஈடுகொடுப்பதில்லை என்பதையும் இச்சொல் தடையின்றிச் சொல்லவிடுகிறது. மார்பின், ஹெராயின் போன்ற அபினி வகை மருந்துகள் தரும் கிளர்ச்சிக்கு அது விரைவில் ஈடுகொடுக்கிறது. மூச்சை மந்தமாக்கும் விளைவுக்கு மெதுவாக. மலச்சிக்கலுக்கு அனேகமாக இல்லை. கிளர்ச்சியைத் தேடி அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர் மூச்சு நிற்கும் அளவை நெருங்குவது இதனால்தான்.

மதுவுக்கு ஈடுகொடுக்கும் உடல் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைக்கும் ஓரளவு ஈடுகொடுப்பதைக் ‘குறுக்கு ஈடுகொடுப்பு’ (cross-tolerance) எனலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு; ‘குறுக்கு’ என்பதற்கு மேலான அடை இருந்தால் தெரிவியுங்கள். கையேட்டின் எச்சரிக்கை வரியை மட்டும் இப்போதே இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: ‘சில வாரங்கள் நிறுத்தியிருந்தால் உங்கள் உடல் முன்போல் ஈடுகொடுக்காது, பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.’