மறதி நோய் உள்ள அம்மாவுக்கு வீட்டோடு ஆள் வைப்பது எப்படி?

கேள்வி:
அம்மாவுக்கு 74 வயது, டிமென்ஷியா. மதுரையில் அப்பா ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். பொழுது சாய்ந்தால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கைப்பையோடு வாசலில் நிற்கிறார், அப்பாவுக்கு ராத்தூக்கமே இல்லை. ஏஜென்சியிலிருந்து வந்த பெண்ணை அம்மா உள்ளேயே விடவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
என் மாமியாரும் இப்படித்தான். நாங்கள் சமையலுக்கு உதவ வந்த பெண் என்றே அறிமுகம் செய்தோம். இருவரும் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள், பத்து நாளில் அவரே "அந்தப் பொண்ணு வரலையா" என்று தேட ஆரம்பித்துவிட்டார். ஆளை மட்டும் அடிக்கடி மாற்றாதீர்கள்.

பதில் 2:
முதலில் இரவுக்கு ஆள் போடுங்கள், அப்பா தூங்கட்டும், அதுதான் அவசரம். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடாமல் கூடவே நாலு அடி நடந்துவிட்டு வந்தால் அடங்குவார். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

கேட்டவர்:
கீரை யோசனை நல்லா இருக்கு அக்கா, அம்மாவுக்குப் பூக்கட்டப் பிடிக்கும். நாளைக்கே மல்லிகை வாங்கச் சொல்கிறேன்.