உமிச் சாம்பல் கலந்த பி.எல்.ஏ. நாற்றுத் தொட்டிகள் நொறுங்குவது ஏன்?

கேள்வி: வியாசர்பாடி அச்சுக்காரர்

வணக்கம். வியாசர்பாடியில் உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கும் இரண்டு இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரங்களை வைத்துச் சிறு பட்டறை நடத்துகிறேன். 2019 ஜனவரி 1 அன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து, மக்கும் பொருள்களைச் செய்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்து வருகிறது. பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம் என்னும் மக்கும் பிளாஸ்டிக்) குருணையின் விலை கையைக் கடிப்பதால், செங்குன்றத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து பாய்லர் உமிச் சாம்பலை வாங்கிச் சலித்து, எடையில் 10 சதவீதம் கலந்து நாற்றுத் தொட்டிகளை வார்த்தேன். பாலிபுரொப்பிலீனில் சுண்ணாம்புத் தூள் கலப்பது எங்களுக்குப் பழகிய வேலை என்பதால், இதுவும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

தொட்டிகள் கையால் அழுத்தினாலே அப்பளம் போல நொறுங்குகின்றன. வழக்கமான அழுத்தத்தில்தான் ஓட்டினேன். ஆனாலும் அச்சின் இணைப்புக் கோட்டில் பிசிறு தள்ளியது. குருணையை வெப்பக்காற்று உலர்த்தியில் நான்கு மணி நேரம் காய வைத்தேன். சாம்பலைக் காய வைக்கவில்லை. சாம்பலின் அளவைக் குறைத்தால் சரியாகுமா, அல்லது வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில் 1: மணலி வேதியியலாளர்

உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பிசிறுதான். எந்தக் கனிமத் தூளைக் கலந்தாலும் உருகிய பிளாஸ்டிக் பொதுவாகக் கெட்டியாக வேண்டும். உங்களுடையதோ நீர்த்து, இணைப்புக் கோட்டின் வழியாகக் கசிந்திருக்கிறது. பிளாஸ்டிக் உருகும் உருளையான பேரலுக்குள்ளேயே பி.எல்.ஏ.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டுதுண்டாக அறுபட்டிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. தொட்டி நொறுங்குவதும் பெரும்பாலும் அதன் விளைவே. சாம்பலின் அளவைக் குறைப்பது மட்டும் அதற்கு மருந்தாகாது.

சங்கிலியை அறுப்பவை இரண்டு. முதலாவது ஈரம். பி.எல்.ஏ. ஒரு பாலியெஸ்டர், உருகிய நிலையில் நீர் மூலக்கூறு கிடைத்தால் சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்பு உடையும். பாலிபுரொப்பிலீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பதால் உங்கள் பழக்கமே உங்களை ஏமாற்றிவிட்டது. உருக்குவதற்கு முன் குருணையின் ஈரம் பத்து லட்சத்தில் 250 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். சாதாரண வெப்பக்காற்று உலர்த்தி அறைக் காற்றைத்தான் சூடாக்கி ஊதுகிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள நம் ஊர்க் காற்றை எத்தனை மணி நேரம் ஊதினாலும் அந்த அளவுக்கு உலராது. ஈர உறிஞ்சி வைத்த உலர்த்தி வேண்டும். உமிச் சாம்பல் நுண்துளைகள் நிறைந்தது என்பதால் குருணையைவிட அதிகமாக ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதையும் 110 பாகை செல்சியஸுக்கு மேல் சில மணி நேரம் காய வைத்து, ஆறுவதற்குள் மூடிவிட வேண்டும்.

இரண்டாவது காரம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியம் சாம்பலில் தங்கிவிடுகிறது. அது இந்த உடைப்பை வேகப்படுத்தும். ஒரு கரண்டிச் சாம்பலை வாலைவடி நீரில் கலக்கி, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 7-ஐத் தாண்டிச் சென்றால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிறகு நடுநிலை வரும்வரை நீரில் அலச வேண்டும். அந்தக் கழிவுநீரை நடுநிலையாக்காமல் கேப்டன் காட்டன் கால்வாயில் விட்டுவிட்டு, மக்கும் தொட்டி செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எது குற்றவாளி என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஒரே விதமாக உலர்த்திய மூன்று மாதிரிகளை ஓட்டுங்கள்: வெறும் பி.எல்.ஏ., கழுவாத சாம்பல் கலந்தது, கழுவிய சாம்பல் கலந்தது. மூன்றுக்கும் 190 பாகையில், 2.16 கிலோ எடையில் உருகோட்டக் குறியீட்டை, அதாவது உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை, அளந்து ஒப்பிட்டால் போதும்; அதிகமாக ஓடுவதில்தான் சங்கிலி அதிகமாக அறுபட்டிருக்கும். கிண்டியிலுள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டில் இதற்கான சோதனை வசதி இருக்கிறது.

பதில் 2: செங்குன்றம் ஆலைக்காரர்

சாம்பலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சாம்பல். ஆயிரம் கிலோ நெல்லுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காவாக இருக்கும். ஆனால் ஆலைச் சாம்பல் எல்லாம் ஒன்றல்ல. கறுப்பாக இருந்தால் எரியாத கரி மிச்சம் இருக்கிறது. பட்டறையில் உங்கள் சல்லடையை அடைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று உண்டு. சாம்பல் பறக்காமல் இருப்பதற்காக, லாரியில் ஏற்றும் முன் அதன்மீது தண்ணீர் தெளிப்பது ஆலைகளில் வழக்கம். உங்களுக்கு வந்ததும் அப்படி நனைந்த சாம்பலாகவே இருந்திருக்கும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

பதில் 3: மணலி வேதியியலாளர்

ஆலைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏறத்தாழ 700 பாகைக்குள் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமற்ற நிலையில் இருக்கும். 800-ஐத் தாண்டி நெடுநேரம் எரிந்தால் கிரிஸ்டோபலைட் படிகமாக மாறத் தொடங்கும். படிகச் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸை உண்டாக்கும்; பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது. சாம்பலைச் சலிக்கும் தொழிலாளர்களுக்குத் தூசு முகமூடி தராமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் பல் துலக்கவும் பயன்பட்ட அதே சொரசொரப்பு உங்கள் ஸ்க்ரூவையும் பேரலையும் துலக்கத் தொடங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: எண்ணூர் வாசகர்

உமிச் சாம்பலைக் கழுவிக் காய வைக்கும் செலவை நினைத்தால், அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறதே? அதன் துகள்கள் உருண்டையாக இருப்பதால் அச்சில் நன்றாக ஓடும் என்றும் கேள்விப்பட்டேன்.

பதில் 5: ராயபுரம் சோதனைக்கூடப் பணியாளர்

உருண்டைத் துகள் நன்றாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நாற்றுத் தொட்டி மண்ணுக்குள் போகிற பொருள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் ஆகியவை சிறு அளவிலாவது இருக்கும். செங்கல்லிலும் சிமென்டிலும் அவை கட்டுண்டு கிடக்கலாம், மக்கும் தொட்டியில் அவை மண்ணில் இறங்கிவிடும். கொசஸ்தலை ஆற்றில் அந்தச் சாம்பல் படிந்திருப்பதைப் பார்த்த எண்ணூர்க்காரர் இந்த யோசனையைச் சொல்வது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. மக்கும் தன்மைக்கான ஐ.எஸ்.ஓ. 17088 தரமும் கன உலோகங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது.

அந்தத் தரத்தின்படி, பொருளிலுள்ள கரிமக் கார்பனில் 90 சதவீதம் 180 நாள்களுக்குள் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். சாம்பல் மக்குவதில்லை; சிலிக்காவாகவே மண்ணில் சேர்கிறது. அதில் தீங்கில்லை என்றாலும், சாம்பலைச் சேர்ப்பதால் தொட்டி விரைவில் மக்கும் என்று விளம்பரம் செய்ய இடமில்லை. மேலும், இந்தச் சோதனை 58 பாகை வெப்பமுள்ள தொழில்முறை உரக்குழியில் நடப்பது. பி.எல்.ஏ. மென்மையாகத் தொடங்குவதே 60 பாகையை ஒட்டித்தான் என்பதால், மாடித் தோட்டத்து மண்ணில் இதே தொட்டி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெறாமல் மக்கும் பிளாஸ்டிக் என்று முத்திரையிட்டு விற்கவும் முடியாது.

வலுவூட்டல் பற்றியும் ஒரு சொல். சாம்பல் சரியாகப் பரவினால் தொட்டியின் விறைப்பு கூடும். ஆனால் முறியும் முன் நீளும் தன்மை பெரும்பாலும் குறையும். பி.எல்.ஏ. தானே முறுகலானது. துகளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிப் பிடிக்க சைலேன் பூச்சு உதவும். தொட்டி வளைந்து கொடுக்க வேண்டுமானால், மென்மையான பி.பி.ஏ.டி. பாலியெஸ்டரையும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பி.எச். தாளை இன்று காலை நனைத்துப் பார்த்தேன், 9-ஐத் தொட்டது. மூன்று மாதிரிகளையும், சாம்பல் கலக்கும் இரண்டில் 5 சதவீதம் வைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுகளை இங்கேயே எழுதுகிறேன். ஆலைக்கார ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: தண்ணீர் தெளிக்காத சாம்பல் சிறிதளவு கிடைக்குமா?

செங்குன்றம் ஆலைக்காரர்

கிடைக்கும். புகைபோக்கிக்கு முன்னால் தூசு பிடிக்கும் சைக்ளோனுக்கு அடியிலிருந்து காலையில் எடுத்துத் தருகிறேன். சாக்கு கொண்டுவராதீர்கள், தம்பி. சாம்பல் சூடாகவே இருக்கும், மூடியுள்ள தகர டிரம்மாகக் கொண்டுவாருங்கள்.