துடுப்பு மெசினில 2000 மீற்றர் 7:38: 10 கிழமையில எவ்வளவு இறக்கலாம்?

கல்லடி24:

வயது 24, உயரம் 178 செ.மீ., நிறை 74 கிலோ. கல்லடியில ஏசி இல்லாத ஜிம், கொன்செப்ட் 2 துடுப்பு மெசின் ஒண்டு கிடக்கு. இன்னும் 10 கிழமையில கொழும்பில 2000 மீற்றர் இண்டோர் போட்டி. போன கிழமை முழு வேகத்தில 7:38 வந்தது. நாலு 500உம் இப்பிடி: 1:47, 1:55, 2:00, 1:56. டாம்பர் (சக்கரத்துப் பக்கத்தில இருக்கிற நெம்பு) 10, ரேட் (நிமிசத்துக்கு எத்தினை ஸ்ட்ரோக், அதாவது இழுவை) 34.

கிழமைக்கு 5 நாள், பின்னேரம் அஞ்சரைக்குப் போறன். ஒவ்வொரு நாளும் 2000 மீற்றர் இல்லாட்டி 20 நிமிசம், ஏலுமான அளவுக்கு இழுக்கிறது. ஒன்றரை மாசமா நேரம் அசையுதே இல்ல. முடிய நாரி பிடிக்குது. இலக்கு 7:20. எதை மாத்திறது?

வாவிக்கரை:

முதல்ல இலக்கைப் பாப்பம். 7:38 எண்டா 500க்கு 1:54.5, அது 233 வாட்ஸ். 7:20 எண்டா 1:50, 263 வாட்ஸ். 18 செக்கன் எண்டு சொன்னா சின்னதாத் தெரியும், ஆனா கூட்ட வேண்டியது 30 வாட்ஸ், 13 வீதம். பத்துக் கிழமைக்கு அது பேராசை. 7:28 வையுங்க: ஸ்பிளிட் (500க்குப் போற நேரம்) 1:52, 249 வாட்ஸ். (கணக்கு விருப்பமான ஆக்களுக்கு: ஒரு மீற்றருக்குப் போற செக்கனை மூண்டு தரம் எழுதி ஒண்டோட ஒண்டு பெருக்கி, 2.8ஐ அதால பிரிச்சா வாட்ஸ் வரும்.)

அடுத்தது உங்கட ஓட்டம். முதல் 500 ஐ 286 வாட்ஸில அடிச்சிட்டு மூண்டாவதை 203இல இழுத்திருக்கிறீங்க. அதே சக்தியைச் சமனாப் பிரிச்சிருந்தா மெசின் கணக்கில ஒரு செக்கன்தான் மிச்சம். பெரிய நட்டம் உடம்புக்குள்ள: ரெண்டாம் நிமிசத்திலயே தசையில அமிலம் ஏறி, பிறகு காலால தள்ளவே ஏலாமப் போகுது. 1:47 உங்களுக்குக் குறைஞ்ச தூரத்துக்குரிய வேகம், 2000க்குரியது இல்ல.

டாம்பர் 10 தேவையில்ல. அந்த நெம்பு பாரத்தைக் கூட்டிற சாமான் இல்ல, ஃபிளைவீலுக்குள்ள எவ்வளவு காத்துப் போகுது எண்டதைத்தான் மாத்தும். கூட வச்சா சக்கரம் கெதியா வேகம் குறையும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலயும் திரும்ப உருட்ட வேணும், அது நாரியிலதான் விழும். பார்க்க வேண்டியது ட்ராக் ஃபக்டர், சக்கரத்தைக் காத்து எவ்வளவு இழுத்துப் பிடிக்குது எண்ட எண். மெசின்ட பி.எம்.5 திரையில மோர் ஒப்ஷன்ஸ், அதுக்குள்ள டிஸ்பிளே ட்ராக் ஃபக்டர். பத்து ஸ்ட்ரோக் இழுக்க ஒரு எண் வரும். உங்கட நிறைக்கு 120க்கும் 130க்கும் இடையில வர டாம்பரை இறக்குங்க. 4இல வரலாம், 6இலயும் வரலாம். உள்ளுக்க தூசு அடைச்ச மெசினில 10இல வச்சாலும் எண் ஏறாது. கொழும்பில உங்களுக்கு வேற மெசின் தருவாங்க, அதனால நெம்பில இருக்கிற இலக்கத்தை மறந்திட்டு இந்த எண்ணை மட்டும் பாடமாக்குங்க.

அக்கரைப்பற்றான்:

மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா நேரம் அசையாததுக்குக் காரணம் கிழமை அட்டவணை. அஞ்சு நாளும் முழு இழுவை எண்டா அஞ்சு நாளும் அரைவாசிப் பயிற்சிதான்: மெதுவா ஓடுறதால வாற பலனும் இல்ல, களைப்பில வேகமும் இல்ல. மூண்டு நாள் மெதுவு, ரெண்டு நாள் கடுமை. அதுக்கு மேல வேணாம்.

மெதுவு நாள்: ரேட் 18–20, ஸ்பிளிட் 2:14–2:20. 20 நிமிசம் மூண்டு தரம், இடையில 2 நிமிசம் தண்ணி குடிக்க. பக்கத்தில நிக்கிற ஆளோட முழு வசனமாக் கதைக்க ஏலும் எண்டா வேகம் சரி. முதல் ரெண்டு கிழமை இது வெட்கம் மாதிரி இருக்கும், பக்கத்து மெசினில இருக்கிறவர் திரும்பிப் பாப்பார். பரவாயில்ல.

கடுமை நாள் ஒண்டு: 500 மீற்றர் எட்டுத் தரம், ஒவ்வொண்டுக்கும் இடையில 3:30 ஓய்வு. முதல் ஏழையும் 1:54இல சமனா எடுத்திட்டு எட்டாவதை மட்டும் ஏலுமான மட்டும் அடியுங்க. எட்டிண்ட சராசரியை எழுதி வையுங்க. அடுத்த முறை முதல் ஏழுக்கும் அந்தச் சராசரிதான் வேகம். கூடுதல் எங்க இருந்து வருது எண்டு யோசிக்கத் தேவையில்ல, இந்த ஒரு விதியே மெதுவா இழுத்திட்டுப் போகும்.

மற்றக் கடுமை நாள்: 1000 மீற்றர் நாலு தரம், ஓய்வு 5 நிமிசம், தொடக்கம் 1:56–1:57. இதுக்கும் அதே விதி. மூண்டாவதில வேகம் விழுந்தா தொடக்க வேகம் கூடிப் போச்சு. கடுமை நாள் ரெண்டையும் அடுத்தடுத்து வைக்காதீங்க.

முழு 2000 சோதனை ஆறாம் கிழமை ஒருக்கா மட்டும். கடைசிக் கிழமை தூரத்தை அரைவாசியாக் குறையுங்க. போட்டிக்கு மூண்டு நாளுக்கு முன்னம் 500 ரெண்டு, போட்டி வேகத்தில. போட்டிக்கு முதல் நாள் 15 நிமிசம் சும்மா ஓடுங்க.

சவள்:

மனே, நாரியை விட்டிட்டு மற்றதைக் கதைக்கக் கூடாது. மெசினுக்குப் பக்கவாட்டில, இருக்கை மட்டத்தில போனை வச்சு ஒரு நிமிசம் படம் எடுங்க. பிறகு மெதுவா ஓட்டி, தள்ளத் தொடங்கிற இடத்தை மட்டும் பாருங்க. இருக்கை பின்னால போற அதே நேரம் கைப்பிடியும் போகுதா? இருக்கை ஒரு சாண் போயும் கைப்பிடி நிண்ட இடத்தில நிக்குது எண்டா, கால் சும்மா நீளுது, முழுப் பாரத்தையும் பிறகு நாரி தனிய இழுக்குது. ரேட் 34, டாம்பர் 10, நாரி நோ மூண்டும் சேந்தா அனேகமா இதுதான்.

ஒழுங்கு: கால், உடம்பு, கை. திரும்பி வரக்குள்ள கை, உடம்பு, கால். தோணியில சவள் (துடுப்பு) போடுற பழக்கம் இருக்கிற ஆக்கள் கையை முதல் மடக்கிறது வழமை, மெசினில அது பிழை. கால் நீளும் வரைக்கும் கை கயிறு மாதிரி நீட்டித்தான் இருக்க வேணும்.

ஒவ்வொரு நாளும் சூடாக்கக்குள்ள: காலால மட்டும் 10, காலும் உடம்பும் 10, முழுசா 10. இதை மூண்டு சுற்று. பிறகு 5 நிமிசம் கால் வாரைக் கழட்டிப் போட்டு இழுங்க. பின்னால விழப் பாக்கிறீங்க எண்டா, ஸ்ட்ரோக் முடிவில கூடச் சாயிறீங்க. வார் கட்டக்குள்ள கால்விரல் தொடங்கிற மூட்டுக்கு மேலால போக வேணும், பாதத்தின்ட நடுவில இல்ல. முன்னுக்கு வாற இடத்தில கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு நேர நிமிர்ந்தாக் காணும். அதுக்கு மேல வந்தா நாரி வளையும்.

ரேட்டையும் பாருங்க. 34இல 7:38 எண்டா கிட்டத்தட்ட 260 ஸ்ட்ரோக், ஒரு ஸ்ட்ரோக்குக்கு 7.7 மீற்றர். ரேட் 30இல 7:28 எண்டா 224 ஸ்ட்ரோக், ஒண்டுக்கு 8.9 மீற்றர். கட்டை ஸ்ட்ரோக்கை அடிக்கடி அடிக்கிறதில மூச்சுத்தான் போகும்.

நோ காலுக்குள்ள இறங்கினா, விறைச்சா, பயிற்சியை நிப்பாட்டிட்டு டொக்டரைக் காட்டுங்க. இழுத்துப் பாப்பம் எண்டு நிக்காதீங்க.

வாவிக்கரை:

ஒண்டு விட்டுப் போச்சு, வெக்கை. ஏசி இல்லாத இடத்தில, அதுவும் கச்சான் காத்து அடிக்கிற காலம் பின்னேரம் அஞ்சரைக்கு, அதே ஸ்பிளிட்டில இதயத் துடிப்பு 20 நிமிசத்துக்குப் பிறகு தன்ட பாட்டில ஏறும். மெதுவு நாளில ஸ்பிளிட்டைப் பிடிக்காதீங்க, துடிப்பைப் பிடிச்சு வேகத்தை விட்டுக் குடுங்க. ஏலும் எண்டா கடுமை நாள் ரெண்டையும் விடிய வையுங்க. நிக்கிற ஃபான் ஒண்டு நெஞ்சுக்கு நேர. கரண்ட் போனா மெசின் ஓடும், அது நீங்க இழுக்கிற சக்கரத்தாலயும் ரெண்டு பெரிய டோர்ச் பெற்றரியாலயும்தான் வேலை செய்யுது. ஆனா ஃபான் நிண்டிரும், அண்டைக்கு இன்ரவலை (கடுமை நாள் வேலையை) விட்டிட்டு மெதுவா ஓடுங்க.

பயிற்சிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நிறை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. அதுக்கு மேல கொஞ்சம் கூட்டி, ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில குடிச்சு முடிக்க வேணும். தனித் தண்ணி இல்ல, உப்பும் சேர வேணும். இளநீர் நல்லதுதான், ஆனா அதில சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்க.

கடற்கரைக் காத்துக்குச் சங்கிலி துருப்பிடிக்கும், இழுக்கக்குள்ள கர் கர் எண்டும். 50 மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு தேக்கரண்டி மெல்லிய மெசின் எண்ணெயைத் துணியில விட்டு, சங்கிலியை முழுசா வெளியில இழுத்துத் துடைச்சு, மிச்சத்தை ஒத்தி எடுங்க. தேங்காயெண்ணெய் வேணாம், பிசினாகித் தூசைப் பிடிக்கும்.

கல்லடி24:

படம் எடுத்துப் பாத்தன். இருக்கைதான் முதல் போகுது. ட்ராக் ஃபக்டர் 10இல 188 காட்டினது, 5இல 126. போட்டி நாளுக்கு 500 ஒவ்வொண்டையும் எப்பிடிப் பிரிக்கிறது அண்ணன்?

அக்கரைப்பற்றான்:

7:28க்கு: 1:52, 1:52.5, 1:52.5, 1:51. ஆறாம் கிழமைச் சோதனை 7:33ஐ விடக் கூடவா வந்தா எல்லாத்துக்கும் ஒரு செக்கன் கூட்டுங்க.

20 நிமிசம் சூடாக்கல், அதில போட்டி வேகத்தில 10 ஸ்ட்ரோக் மூண்டு தரம். தொடக்கம் அரை, அரை, முக்கால், பிறகு முழு ஸ்ட்ரோக். முதல் பத்து ஸ்ட்ரோக்கில 1:45 காட்டினாலும் உடம்புக்கு நட்டமில்ல, அந்தச் சக்தி தசையில தயாராக் கிடக்கிறது. பதினோராவதில மூச்சை விட்டு 1:52க்கு இறங்க வேணும். இறங்கினதை திரையில கண்ணால பாருங்க, உணர்வை நம்பாதீங்க, அந்த நேரம் 1:47 லேசாத்தான் இருக்கும். 1000இல இருந்து 1500 வரைக்கும் ரேட் 30ஐ மட்டும் பிடியுங்க, ஸ்பிளிட் 1:53ஐத் தொட்டாப் பதறாதீங்க. கடைசி 300இல ரேட்டை 32, 33 எண்டு ஏத்துங்க, நீளம் குறையாம.

முடிஞ்ச உடன கைப்பிடியைக் கைவிட்டிராதீங்க, சங்கிலி பாய்ஞ்சு போய் மோதும். கொக்கியில கொழுவிட்டு விழுங்க.