‘வெள்ளவத்தை வீட்டார்’ குழு

பெரியம்மா: துஷி, கடற்கரையில் வானவில் பட்டத்தோடு நிற்கிறாய். வால் ஐந்து முழம் இருக்குமே, யார் கட்டித் தந்தது?

துஷி: நானேதான் பெரியம்மா. தன்பாலீர்ப்பாளர்கள் கொண்டாடும் கொழும்பு பிரைட் விழாவுக்கு.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

துஷி: அழிப்பதற்கு முன்பே வாசித்துவிட்டேன் மாமா. ‘நேற்று முளைத்த கூத்து’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. ரொசானா ஃப்ளேமர்-கல்தேரா தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பைத் தொடங்கியது 2004இல். ஷெர்மன் டி ரோஸ் அதற்கும் முன்பு, 1995இலேயே ‘கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ என்ற இதேபோன்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார். நான் பிறக்கவேயில்லை.

சித்தப்பா: அதே 1995இல்தான் தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவையும் திருத்தினார்கள். அதுவரை ஆண்களை மட்டும் பிடித்த பிரிவு அது. தமிழில் சொன்னால் ‘ஆண்’ போய் ‘ஆள்’ வந்தது. ஓர் எழுத்துத்தான். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் சொல்கிறேன், அந்த ஓர் எழுத்தில் பெண்களும் மாட்டிக்கொண்டார்கள்.

பெரியம்மா: எத்தனை வருடம் உள்ளே போடலாம்?

சித்தப்பா: இரண்டு வரை.

துஷி: 1999இல் ஓர் ஆங்கில நாளிதழ் ஒரு கடிதத்தைப் பிரசுரித்தது. கொழும்பில் கூடவிருந்த தன்பாலீர்ப்புப் பெண்கள்மீது வல்லுறவுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டுமாம். ஷெர்மன் பத்திரிகைப் பேரவையில் முறைப்பாடு செய்தார். 2000இல் அதைத் தள்ளுபடி செய்து, 2,100 ரூபாய் செலவுத் தொகையை அவர் தலையிலேயே கட்டினார்கள்.

பெரியம்மா: முறையிட்டவரிடமே தண்டமா? நல்ல நியாயம்!

மாமா: சரி, இப்போது யாரைப் பிடிக்கிறார்கள்? அது வெறும் ஏட்டுச் சட்டம்.

துஷி: அந்தப் பிரிவில் ஒரு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2016இல் தீர்ப்பானது மாமா. சிறைத் தண்டனையை ஒத்திவைத்தார்கள், குற்றம் குற்றமாகவே நின்றது. ரொசானா ஐ.நா. வரை போய் முறையிட்டார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இலங்கை அவருடைய உரிமையை மீறியதென்று 2022இல் முடிவு சொன்னது.

சித்தப்பா: தன்பாலுறவு குற்றமில்லை என்றாக்க, பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த சட்டமூலத்தை விட்டுவிட்டாயே. சாதாரண பெரும்பான்மையே போதும் என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழி திறந்துதான் கிடந்தது, நடக்கத்தான் ஆளில்லை. 2024இல் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போனது.

மாமா: 2,100 ரூபாயை அந்த மனிதர் கட்டினாரா?

சித்தப்பா: அதைத்தான் இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தீர்களா அத்தான்?

பெரியம்மா: துஷி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வால் என்னுடைய நீலக்கரைப் பருத்திச் சேலை அல்லவா?

துஷி: கிழிந்த சேலைதானே பெரியம்மா…

பெரியம்மா: அடுத்த முறை கேட்டுவிட்டு எடு. பட்டில் கை வைக்காதே, அது பாரம், பட்டம் ஏறாது.